தவிட்டு ஒத்தடம்

வானம் கறுத்ததும், களத்தில் கிடந்த குறுவை நெல்லை மூட்டை பிடித்துத் தார்ப்பாய்க்கு அடியில் சேர்த்துக்கொண்டிருந்தான் ஜெரால்ட். ஏழாவது மூட்டையைத் தூக்கியபோது தோள்பட்டைகளுக்கு நடுவே கத்தி இறங்கினதுபோல ஒரு வலி. மூட்டையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தான். கால் மணி நேரம் கழித்து எழுந்திருக்கப் பார்த்தால், இரண்டு கால்களும் அவன் பேச்சைக் கேட்கவில்லை. மூட்டை தூக்க அவனை மிஞ்ச ஆளில்லை என்று திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் பெயர் வாங்கியவன், வயது நாற்பத்திரண்டுதான்.

நாலு பேர் தூக்கிவந்து வீட்டுக் கட்டிலில் கிடத்தினார்கள். அவன் மனைவி ஜெனிட்டா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாங்க. எனக்கு என்னமோ வாதம் மாதிரி தெரியுது."

பக்கத்து வயல்காரர் கோவிந்தராசு சிரித்தார். ஊசி பிடிக்கத் தெரியாதவர்கள்தானே ஊரில் பெரிய வைத்தியர்கள்!

"வாயி கோணல, கை விழல, பேச்சு குழறல. வாதம்னா ஒரு பக்கம்ல இழுக்கும்? மூட்டை தூக்குன சுளுக்கும்மா. தவிட்டை வறுத்து இடுப்புலயும் தொடையிலயும் ஒத்தடம் குடு. பதறாத காரியம் சிதறாது."

ஜெனிட்டா கணவனின் பாதத்தைத் தொட்டு, "தெரியுதா?" என்றாள். "நல்லாத் தெரியுது" என்றான். அந்தப் பதிலில்தான் அவள் ஏமாந்தாள். உணர்ச்சி இருக்கிற காலுக்கு என்ன கேடு வந்துவிடப் போகிறது?

தவிட்டை இரும்புச் சட்டியில் வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து தொடையில் வைத்தாள்.

"சூடு தாங்குதா?"

"எங்க சூடு? இன்னும் வறு."

மறுபடி வறுத்தாள். அதற்கும் உதட்டைப் பிதுக்கினான். மூன்றாம் முறை முடிச்சைப் பிடிக்க முடியாமல் அவள் உள்ளங்கையே எரிந்தது. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டாமா? கணவன் சொல்லை நம்பினாள், தன் கையை நம்பவில்லை. வைத்து அழுத்தினாள்.

துணியை எடுத்தபோது இரண்டு தொடையிலும் தோல் வெந்து கொப்புளம் எழும்பியிருந்தது. ஜெரால்ட் முகம்கூடச் சுளிக்காமல், மழை வருகிறதா என்று சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெனிட்டா போட்ட கூச்சலில் கோவிந்தராசுவே ஓடிப்போய்க் கார் பிடித்தார்.

தஞ்சாவூரில் நரம்பு டாக்டர் மலர்க்கொடி கொப்புளங்களைப் பார்த்தார். "நான்தான் சுட்டேன் டாக்டர்" என்று ஜெனிட்டா தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர் திட்டவில்லை. பஞ்சால் காலைத் தடவினார், ஜெரால்டுக்குத் தெரிந்தது. ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை.

"ஒண்ணுக்குப் போனீங்களா?"

"காலையிலேருந்து வரல டாக்டர். வெக்கப்பட்டுக்கிட்டு சொல்லல."

டாக்டர் ஜெனிட்டாவிடம் திரும்பினார். "இது ஸ்ட்ரோக்தாம்மா. மூளைக்கு மட்டுமில்ல, முதுகுத்தண்டுக்கும் வரும். தண்டுவடத்தோட முன்பக்கம் ரத்தம் போறது அடைபட்டா கால் அசையாது, வலியும் சூடும் தெரியாது. தொடுற உணர்ச்சி பின்பக்கமா மேல போகுது, அதனால அது மட்டும் தெரியும். வேற எதுவும் நசுக்குதான்னு ஸ்கேன் பாத்துடுவோம். அடைப்பு முதல் நாள் ஸ்கேன்ல தெரியாமலும் போகலாம்."

ஜெனிட்டாவுக்குத் தலையில் இடி விழுந்தது. "நடப்பாரா?"

"இப்பவே சொல்ல முடியாது. சூடு தெரியாத எல்லை நாளுக்கு நாள் கீழ இறங்குதான்னு பாக்கணும். இறங்கினா நல்ல அறிகுறி."

மறுநாள் சின்ன டாக்டர் வெந்நீர் ஊற்றிய கண்ணாடிக் குழாயை முழங்காலில் வைத்தபோது, "சுடுதுங்க" என்றான் ஜெரால்ட். ஜெனிட்டா வார்டு என்றும் பார்க்காமல் முழங்காலிட்டு ஜெபித்தாள். இரண்டு நாளாகத் தொடாத சோற்றை அன்றுதான் தின்றாள். அவர் நடந்துவிடுவார் என்று ஊருக்கெல்லாம் போன் போட்டாள்.

மூன்றாம் நாள் மலர்க்கொடியே வந்தார். ஜெரால்டைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஒரு கண்ணாடிக் குழாயை அதே முழங்காலில் வைத்தார்.

"சுடுதுங்க டாக்டர். நேத்தைக்கு இன்னைக்கு நல்லாவே சுடுது. கேட்டியா ஜெனி?"

குழாய்க்குள் ஐஸ் துண்டுகள் மிதந்தன. ஜெனிட்டா கட்டிலோரம் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, அது ஐஸ் தண்ணி. எனக்காகப் பொய் சொல்லாதீங்க. உள்ளதச் சொல்லுங்க, நான் தாங்கிக்குவேன்."

ஜெரால்ட் கண்ணைத் திறக்கவில்லை. இமையோரம் நனைந்தது.

"தொப்புளுக்குக் கீழ சூடும் தெரியல, குளிரும் தெரியல ஜெனி. நேத்தும் தெரியல. நீ சோறு திங்கணும்னுதான் சொன்னேன்."