சத்தம் போடாத விரிப்பு

சர்ரக், சர்ரக் என்று வருகிறாள், உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் ஊன்றி, இடுப்பைத் தூக்கி முன்னால் வைத்து, பின்னாலேயே காலை இழுத்துக்கொண்டு, கட்டிலிலிருந்து கக்கூசு வரைக்கும், ஒச்சம்மா, என் பெண்டாட்டி, உடைந்த டைல்ஸ் விளிம்பில் சேலை மாட்டிக் கிழிகிறது, எனக்குக் குமட்டுகிறது, அவளைப் பார்த்து இல்லை, இந்தத் தரையைப் பார்த்து, எவனோ எண்ணெய் கொட்டி, எவனோ மிதித்து, எவளோ தலைமுடி உதிர்த்துவிட்டுப் போன தரை, எத்தனை பினாயில் ஊற்றித் தேய்த்தாலும் முந்தின குடித்தனத்தின் பிசுக்கு போகாத தரை, அதைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு வருகிறது என் பெண்டாட்டியின் சேலை, தூ. நான் தூக்கிட்டுப் போறேன் புள்ள என்றால் கேட்கமாட்டாள், கீழமாசி வீதியில மூட்டை தூக்குன மாதிரி என்னையவும் தூக்கலாம்னு பாக்குறியா, ஒதுங்குய்யா, நானே போயிக்கிருவேன் என்பாள், இடுப்பு ஒடிந்தபிறகு அவளுக்கென்று மிஞ்சின வீம்பு அது ஒன்றுதான், கக்கூசுக்குத் தானே போவது, அதையும் பிடுங்கினால் அவளுக்குச் சோறு இறங்காது, எனக்குத் தெரியும், ஆனால் அந்தச் சத்தம், நேர் கீழே வீட்டுக்காரம்மா இருக்கிறாள்.

திலகராணி என்று பேர், வீடு பார்க்க வந்த அன்றைக்குப் பூட்டைத் திறந்துகொண்டே கேட்டாள், பெரியவரே, வீட்டம்மா நல்லா நடமாடுவாங்கள்ல, ஏன் கேக்குறேன்னா போன குடித்தனத்துல ஒரு பெருசு அடைப்புல செத்துப்போச்சு, ஆறு மாசம் பூட்டிப் போட்டேன், அப்பறமும் ஒரு பய எட்டிப் பாக்கல, இனிமே படுத்த படுக்கைக்கு எல்லாம் வீடு கெடையாது என்று. அடைப்பாம், கெட்ட நட்சத்திரத்தில் உயிர் போனால் வீட்டை அடைத்துப் போடுகிறார்கள், செத்தவன் நாள் பார்த்தா சாவான், நடமாடுவாங்களா என்ற இதே கேள்வியைக் கேட்டுத்தான் எத்தனையோ வாசலில் என்னைத் திருப்பி அனுப்பினார்கள், எனக்கு வாய் தானாகத் திறந்தது, எம் பொண்டாட்டியா, திருப்பரங்குன்றம் மலையவே சுத்தி வருவா தாயி என்றேன். வீட்டுக்காரம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து ஒச்சம்மாவை முதுகில் போட்டுக்கொண்டு மாடி ஏறுகிறேன், முதுகில் கிடந்துகொண்டு சிரிக்கிறாள், மலையச் சுத்துறனாம்ல மலைய என்று, இப்போதும் படுத்தால் அந்தப் படி முடிவதில்லை, ஏறிக்கொண்டே இருக்கிறேன், முதுகில் இருப்பது அவளா அரிசி மூட்டையா என்று தெரியாமல். ஆணி கூடாது, பசை கூடாது, தரையக் குடுத்த மாதிரி திருப்பிக் குடுக்கணும் என்றும் வீட்டுக்காரம்மா சொல்லியிருந்தாள், பெரிய அரண்மனைத் தரை. குடிவந்த கையோடு கேட்டாள், மேல என்னமோ இழுக்குற சத்தம் கேக்குதே, மூட்டை இழுக்குறேன் தாயி என்று சொல்லிவிட்டேன், உள்ளே ஒச்சம்மாவுக்குக் கேட்டுவிட்டது, அன்றைக்கு முழுக்க என்னோடு பேச்சில்லை, பொழுது சாய ஒரே ஒரு தடவை, மூட்டைக்குப் பசிக்குது என்றாள்.

அதனால்தான் விரிப்புக் கடைக்குப் போனேன், உள்ளே நுழைந்ததுமே மண்ணெண்ணெயும் புது ரப்பருமாக ஒரு நாற்றம், கல்லு மாதிரி பிளாஸ்டிக், மரம் மாதிரி பிளாஸ்டிக், புல்லு மாதிரிகூடப் பிளாஸ்டிக், ஊரே பொய்யைச் சுருட்டி நிறுத்தி விற்கிறது, வெளிநாட்டுச் சரக்குங்கய்யா, பத்து வருசத்துக்கு அசையாது என்கிறான் கடைக்காரன், பத்து வருசம் எங்கள அந்த வீட்டுல எவன் வச்சிருக்கப்போறான், இருக்குறதுலயே மட்டமானதக் காட்டு, ஆனாச் சத்தம் வரக்கூடாது என்றேன், விரிப்பு எங்கய்யா பேசும் என்று இளித்தான், அவனை நம்பி என்ன, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன், கையை ஊன்றி, இடுப்பைத் தூக்கி, தேங்காய்நார் விரிப்பு தொடைத் தோலை உரிக்கிறது, பிளாஸ்டிக் பாய் என்னோடு சேர்ந்து நகர்கிறது, ரெக்சின் வேர்வையில் அட்டை மாதிரி ஒட்டுகிறது, என்ன பெருசு, பறக்குற கம்பளமா, பறந்து பாத்துட்டுத்தான் வாங்குவியளோ என்கிறான், கடையே சிரிக்கிறது, எனக்கு மணிக்கட்டு விண்விண் என்று தெறிக்கிறது, இத்தனை நாள் ஒச்சம்மா ஒரு வார்த்தை சொன்னாளா. தலை தூக்கினால் கடை இல்லை, இவள் இடுப்பு ஒடிந்த அன்றைக்கு ஆஸ்பத்திரித் தரை, நர்சுப்பிள்ளை சோப்பு நுரையைத் தடவி ஒச்சம்மாவின் வீங்கின கால்விரலிலிருந்து மெட்டியை உருவுகிறாள், புருசன் உசுரோட இருக்கயில கழட்டுறியேடி என்று இவள் கத்துகிறாள், ஒங்க புருசன் அந்தா நின்னு வடை திங்கிறாரு பாட்டி என்கிறது அது, நான் மிச்ச வடையை மடியில் ஒளிக்கிறேன், அன்றைக்கு முந்தானையில் முடிந்த மெட்டி, வீக்கம் வற்றாததால் இன்னும் முடிச்சிலேயே கிடக்கிறது.

அடியில் பஞ்சு வைத்த ஒரு ஷீட், ரோசாப்பூ போட்டது, பார்க்கவே அருவருப்பு, அதில்தான் சத்தம் வரவில்லை, சுருட்டித் தோளில் வைத்துக் கொண்டுவந்து விரித்தேன், செத்த எலி மாதிரி நாறுதுய்யா, ஆனா மெத்துன்னு இருக்கு என்று போனாள், வந்தாள், காற்று அசைகிற சத்தம்கூட இல்லை. அப்பாடா என்று தண்ணீர்க் குடத்தோடு படியேறினால் குறுக்கே நிற்கிறாள் வீட்டுக்காரம்மா, பெரியவரே, ஒங்க திம்முதிம்முங்கிற நடைதான் கேக்குது, ஒரு பொம்பளை பொழங்குற வீட்டுல மெட்டிச் சத்தம் கேக்க வேணாமா, படுத்துட்டாங்களா என்ன, நாளைக்கும் கேக்கலேன்னா நான் மேல வந்து பாக்குறேன் என்கிறாள், சத்தம் வந்தாலும் குத்தம், வராவிட்டாலும் குத்தம், த்தூ.

பசை போடாத விரிப்புக்கு அந்த ஒரு புண்ணியம் உண்டு, வேண்டாத பக்கம் சுருட்டலாம், மறுநாள் காலையில் சுவரோரமாக ஒரு தடம் அளவுக்குச் சுருட்டிவிட்டேன், அந்தப் பிசுக்குத் தரை பல்லை இளித்தது, முந்தானையை அவிழு புள்ள என்றேன், இந்த வயசுலயா என்றாள், மெட்டியக் குடு கழுதை என்றேன், மெட்டியின் வாயை நெளித்துப் பெரிசாக்கினேன், மூட்டை விழுந்து நசுங்கின என் கால்விரலில் மாட்டினேன், ஆம்பிளை காலில் மெட்டி, எனக்கே என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை, நடந்தேன், டக், டக், ஒச்சம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு குலுங்குகிறாள், பொம்பளை இப்பிடியாய்யா நடப்பா, ஆனை மாதிரி, மெதுவா வையி, அடுப்படிக்குப் போ, அங்கன செத்த நேரம் நில்லு, கொழம்பக் கிண்டு, அப்பறம் வா. கிண்டினேன், இல்லாத குழம்பை. துப்புவதற்கு வாயைக் கூட்டினேன், அவள் வருகிற தரை, விழுங்கிக்கொண்டேன். ரோசாப்பூ மேலே பூனை மாதிரி ஓசையில்லாமல் அவள் கக்கூசுக்கு நகர்கிறாள், சுவரோரம் நான் கூடவே போகிறேன், அவள் நின்றால் நிற்கிறேன், கீழே வீட்டுக்காரம்மா அண்ணாந்து கேட்டுக்கொண்டிருப்பாள், டக், டக் என்று நடந்து போகிறாள் ஒச்சம்மா.