இடப்பக்கக் குளியலறை

மார்ச் 9, திங்கள்

இன்று ஒரு தவறு தெரிய வந்தது. என்னுடையது. ஒரு ஹோட்டல் அறையின் குளியலறையை இடப்பக்கம் வரைந்துவிட்டேன். அது வலப்பக்கமாகவும் இருக்கலாம்.

மாலையில் போகும் கட்டட வரைபட வகுப்பில் இப்படிச் செய்தால் ரப்பரால் அழித்துவிட்டுத் திரும்ப வரையலாம். அரை மதிப்பெண்ணோடு போய்விடும். ஆனால் இந்த வரைபடம் தாளில் மட்டும் இல்லை. பத்து நாட்களாக எங்கள் வீட்டுக் கூடத்தின் தரையில், நீல ஒட்டு நாடாவில், நிஜ அளவில் இருக்கிறது. அதற்காக சோபாவைத் தூக்கி அக்காவின் அறையில் செங்குத்தாக நிறுத்தியிருக்கிறோம். கதவுக்கு இரண்டே முக்கால் அடி இடைவெளி. நுழைந்ததும் இடக்கைப் பக்கம் குளியலறை, நாலு எட்டு தள்ளி இரண்டு கட்டில்கள், எதிரே ஜன்னல். அக்காவின் மகள் பள்ளியிலிருந்து வந்ததும் பையை இறக்காமல் அந்தக் கதவின் முன் நிற்பாள். இல்லாத பூட்டில் இல்லாத சாவி அட்டையை வைப்பாள். குளியலறைச் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் இடக்கையை நீட்டித் தடவிக்கொண்டே போய் ஜன்னலோரக் கட்டிலில் உட்காருவாள். கட்டில் என்பது மடித்துப் போட்ட ஒரு போர்வை. அதில் கால் மணி நேரம் இருந்துவிட்டு, வந்த வழியே திரும்பி வருவாள். அதன் பிறகுதான் பை இறங்கும்.

அவளுக்கு எட்டு வயது. ஆட்டிசம் இருக்கிறது. பேச்சு குறைவு, முப்பது முப்பத்தைந்து சொற்கள் இருக்கும். மாமா, அதாவது அக்காவின் கணவர், அவளை மேஸ்திரி என்று கூப்பிடுவார். புதிய இடம் எதுவானாலும் சுவரைத் தொட்டு, மூலைகளைப் பார்த்து, கதவைத் திறந்து மூடிய பிறகே உட்காருவாள் என்பதால் வந்த பெயர். மாமா சரக்கு வேன் ஓட்டுபவர். வேலை முடிந்து களைத்து வந்து, மறதியாக நாடாவைத் தாண்டி நேராக நடந்தால் மேஸ்திரி அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் கதவு வழியாக வரவைப்பாள். "சொந்த வீட்டுல இல்லாத சுவத்துல முட்டிக்கிட்டது நான் ஒருத்தன்தான்" என்று அவர் வேன் சங்கத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

இருபத்தேழாம் தேதி நாங்கள் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போகிறோம். ஐந்து மணி நேரப் பயணம். அங்கே இருக்கும் ராட்சத ராட்டினத்தை அவள் இரண்டு வருடமாக போனில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய முப்பத்தைந்து சொற்களில் 'ராட்டினம்' ஒன்று. பூங்காவின் ஹோட்டல்களில் தங்குபவர்களைக் காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக உள்ளே விடுவார்கள். கூட்டம் வருவதற்கு முன் அவள் ராட்டினத்தில் ஏற வேண்டுமென்றால் ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும். அந்த ஓர் இரவுதான் எங்கள் கவலை. இரண்டு வருடத்துக்கு முன் வெளியூரில் ஒரு விடுதிக்குப் போனோம். அறை வாசலில் நின்றவள் உள்ளே வரவில்லை. நான்கு மணி நேரம் அதே இடத்தில் நின்று அழுதாள். மற்ற அறைகளின் கதவுகள் திறந்து திறந்து மூடின. யாரோ மேலாளரைக் கூப்பிட்டார்கள். அப்படியே வீட்டுக்குத் திரும்பினோம். அக்கா ஒரு மாதம் முழுக்கை ரவிக்கை போட்டுக் மகள் கடித்த இடத்தை மறைத்துக்கொண்டிருந்தாள். மருந்துக் கடை வேலையையும் அப்போதுதான் விட்டாள். அதற்குப் பிறகு மேஸ்திரி ஓர் இரவுகூட இந்த வீட்டுக்கு வெளியே தூங்கியதில்லை.

அதனால் ஹோட்டலைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. "நீதான் எல்லாத்தையும் நோட்டுல எழுதி வெப்ப, நீயே பாரு" என்றாள் அக்கா. மூன்று ஹோட்டல்கள் இருந்தன. மற்றவர்கள் நட்சத்திரத்தைப் பார்ப்பார்கள். நான் பத்தொன்பது கேள்விகள் எழுதிக்கொண்டேன். கை உலர்த்தும் இயந்திரம் உண்டா, ஏசி போட்டால் சத்தம் வருமா, கதவு தானாக அறைந்து மூடுமா, விளக்கு மெல்ல மெல்ல எரியுமா பட்டென்று எரியுமா. முதல் ஹோட்டலில் பொம்மை வேஷம் போட்டவர்கள் காலை உணவுக் கூடத்தில் வந்து குழந்தைகளைக் கட்டிப்பிடிப்பார்கள். பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். இரண்டாவதில் லிஃப்ட் பேசும். அடித்துவிட்டேன். மூன்றாவது ஒரே தளம், லிஃப்ட் கிடையாது, தோட்டத்தைப் பார்த்த அறைகள் அமைதியாக இருக்கும் என்றார்கள். தோட்டப் பக்க அறையைப் பதிவு செய்தேன். அவர்கள் இணையதளத்தில் இருந்த அறைப் படங்களை, நான் பகலில் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையிலேயே அச்செடுத்துப் புத்தகமாகத் தைத்தேன். படத்தைப் பார்த்து அளந்து வரைந்தேன். தரையில் ஒட்டினேன். எனக்கே என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வந்த வாரம் அது. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இன்று வகுப்பில் ஒரு விடுதியின் தள வரைபடம். நடுவில் நடைபாதை, இருபுறமும் அறைகள். நான் ஒவ்வோர் அறையாக வரைந்துகொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் உட்காருபவர் பகலில் பெயிண்டர். என் தாளை எட்டிப் பார்த்தார்.

"எதுக்குமா ரெண்டு வாட்டி கஷ்டப்படறே? டிரேசிங் தாள நடைபாதையில மடி. இந்தப் பக்கம் வரைஞ்சத அந்தப் பக்கம் தேய்ச்சா தானா வந்துடும். எல்லா லாட்ஜும் இதே கததான். நான் எத்தன லாட்ஜுக்குப் பெயிண்ட் அடிச்சிருக்கேன். எதிர் ரூமுக்குப் போனா கை சுவிட்ச தப்பான பக்கமே தேடும்."

மடித்தேன். இடப்பக்கக் குளியலறைகள் எல்லாம் வலப்பக்கக் குளியலறைகளாக வந்தன. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். என் படத்தில் இருக்கும் அறை நடைபாதையின் எந்தப் பக்கம் என்று நான் கேட்கவே இல்லை. பத்தொன்பது கேள்விகளில் அது இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

மதியம் கடைக்குப் பின்னால், காகிதக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஹோட்டலுக்கு போன் செய்தேன். ரிசப்ஷனில் ஒரு பெண் எடுத்தாள். என் வயதுதான் இருக்கும்.

"போட்டோ எல்லாம் அலைக்குளப் பக்கம் எடுத்தது மேடம். அங்கதான் வெளிச்சம் நல்லா விழும். தோட்டப் பக்கமும் அதே ரூம்தான், எல்லா வசதியும் ஒண்ணுதான்."

"பாத்ரூம் எந்தப் பக்கம்?"

"எங்க ரூம் எல்லாத்துலயும் பாத்ரூம் உண்டு மேடம்."

"உள்ள நுழைஞ்சா இடக்கைப் பக்கமா, வலக்கைப் பக்கமா?"

அவள் போனை மேசையில் வைத்துவிட்டு நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அதற்காக அவளை எப்போதும் நினைவில் வைத்திருப்பேன். தோட்டப் பக்கம் எல்லாம் வலது. குளப் பக்கம் எல்லாம் இடது. குளப் பக்கத்தில் ஓர் அறை இருக்கிறது, வேண்டுமென்றால் மாற்றித் தரலாம், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பக்கம் குளத்தில் ஒவ்வொரு முறை செயற்கை அலை விடுவதற்கு முன்னாலும் ஹாரன் அடிப்பார்கள். அரை மணிக்கு ஒரு முறை, இரவு எட்டு வரை.

எதற்கு இவ்வளவு கேட்கிறேன் என்றாள். சொன்னேன். பிறகு, "ஹாரன் சத்தத்த ரெக்கார்ட் பண்ணி அனுப்பட்டுமா?" என்றாள். சாயங்காலம் அனுப்பிவிட்டாள். இருபத்திரண்டு விநாடிகள்.

ஆக, சரியான வடிவத்தில் ஒரு சத்தமான அறை, தவறான வடிவத்தில் ஓர் அமைதியான அறை. இதை இன்று அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் கூடத்தில் நாடாவுக்கு வெளியே உட்கார்ந்து, மேஸ்திரி கட்டிலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு அவளே செருப்பக் கழட்டி கதவுகிட்ட வெச்சாடி" என்றாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை. முதலில் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதைத் திரும்பப் படித்தால் சாக்கு மாதிரித்தான் இருக்கிறது.

மார்ச் 11, புதன்

வகுப்புக்குக் கிளம்புவதற்கு முன் சமையலறையில் நின்று அந்தப் பதிவைக் கேட்டேன். ஒலியை மிகக் குறைத்து, போனைக் காதோடு வைத்துத்தான் கேட்டேன். எனக்கே தூரத்து லாரி போலத்தான் கேட்டது. கூடத்தில் இருந்த மேஸ்திரி எழுந்து வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்து போனை எடுத்து, பிரிட்ஜைத் திறந்து, காய்கறித் தட்டில் வைத்து மூடினாள். கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு நின்றாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. குளப் பக்கத்து அறை அந்த நொடியே முடிந்துபோனது.

என்ன செய்கிறோம் என்று தெரியாமல் நானும் அவள் பக்கத்தில் நின்றேன். அரை மணி கழித்து அக்கா வந்து பிரிட்ஜைத் திறந்தாள்.

"போன் ஏண்டி கத்திரிக்காய்க்கு நடுவுல இருக்கு?"

சொன்னேன். பெயிண்டர், மடித்த தாள், ரிசப்ஷன் பெண், ஹாரன் எல்லாவற்றையும். அக்கா கேட்டுக்கொண்டே கத்திரிக்காயை ஒவ்வொன்றாக எடுத்து மேடையில் வைத்தாள். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே வைத்தாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"திங்கக்கிழம."

"இன்னிக்கு புதன்."

"ஒரு வழி கண்டுபிடிச்சிட்டு..."

"தப்பா வரைஞ்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. நானா இருந்தா அந்த அளவுக்குக்கூட வரைஞ்சிருக்க மாட்டேன். ஆனா எனக்குப் பதினெட்டு நாள் இருந்துச்சு. அதுல ரெண்ட நீ எடுத்துக்கிட்ட."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. மாமா வந்ததும் அவரிடமும் சொன்னோம். அவர் கதவு வழியாக முறையாக உள்ளே வந்து, கட்டிலில் உட்கார்ந்து, இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். "ஹோட்டலத் திருப்பி வெக்கச் சொல்லிப் பாக்கலாமா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை.

"வேணாம்னு சொல்லிடலாம்" என்றாள் அக்கா. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருடம் என்று போன வருடமும் சொன்னாள். மாமா காலுறையைக் கழற்றுவதிலேயே கவனமாக இருந்தார். நான் ஒரு யோசனை சொன்னேன். மேஸ்திரி தூங்கும்போது எல்லா நாடாவையும் உரித்து மறுபக்கம் ஒட்டிவிடலாம், காலையில் எழுந்தால் புது அறை, பதினாறு நாளில் பழகிவிடுவாள் என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "தூங்கி எழுந்தா வீடு மாறியிருக்கும்னு அவளுக்குத் தெரிஞ்சுட்டா, அப்புறம் எப்பிடிடி தூங்குவா? அவ கண்ண மூடியிருக்கப்போ எதையும் தொடாத. உங்கிட்ட கெஞ்சிக் கேக்கறேன்."

இரண்டு நாளாக மறைத்து நான் செய்ததும் அதுதானே என்று அப்போதுதான் உறைத்தது. அக்காவிடம்.

மார்ச் 12, வியாழன்

வகுப்புக்குப் போகவில்லை. பெயிண்டரிடம் போனில் சொன்னேன். "வீட்டுல வேலையா? நாள வந்து என் தாளப் பாத்து எழுதிக்க. ஆனா என் தப்பையும் சேத்து எழுதிடாத" என்றார்.

எங்கள் ஹோட்டல் அறையை மட்டும் கடையிலேயே டிரேசிங் தாளில் கறுப்பு மையில் வரைந்து எடுத்து வந்திருந்தேன். மேஸ்திரிக்கு வரைபடம் படிக்கத் தெரியும். எனக்கு வகுப்பில் மூன்று மாதம் பிடித்தது, அவள் ஒரே மாலையில் கற்றுக்கொண்டாள். கதவில் விரலை வைத்து, இடப்பக்கச் சுவரை ஒட்டி நகர்த்தி, கட்டிலில் கொண்டுபோய் நிறுத்துவாள். இன்றும் அப்படியே செய்தாள். அவள் விரல் கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்ததும் நான் தாளைப் புரட்டிப் போட்டேன். மை பின்பக்கமாகத் தெரிந்தது. குளியலறை வலப்பக்கம் போயிருந்தது.

அவள் திருப்பிப் போட்டாள். நான் புரட்டினேன். அவள் திருப்பினாள். கோபமில்லை. கவிழ்ந்து கிடக்கும் செருப்பை நிமிர்த்தி வைப்பது போலத் திருப்பினாள். அக்கா சமையலறை வாசலில், கையைத் துடைத்த துணியோடு நின்றாள். மாமா நாடாவுக்கு வெளியே சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். எட்டு முறை ஆனது. நிறுத்திவிடலாமா, இவளை நான் சோதிக்கிறேனா, சீண்டுகிறேனா என்று தெரியவில்லை. அக்காவைப் பார்த்தேன். அவள் அந்தத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு மகளையே பார்த்திருந்தாள்.

ஒன்பதாவது முறை மேஸ்திரி திருப்பவில்லை. கதவில் விரலை வைத்தாள். இடப்பக்கம் நகர்த்தினாள். அங்கே சுவர் இல்லை. விரல் வெற்றுத் தாளில் நின்றது. அவள் மூச்சு வேகமாவது எனக்குக் கேட்டது. அக்கா துணியைக் கீழே போட்டுவிட்டு ஓர் அடி எடுத்து வைத்தாள். மாமா கையை மட்டும் உயர்த்தி அவளை நிறுத்தினார்.

மேஸ்திரி தாளை எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். புரட்டினாள். மறுபடி புரட்டினாள். வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் ஒரே கோடுதான். வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாளை மாமாவின் மடியில் போட்டுவிட்டு எழுந்து, நாடாக் கதவின் முன் போய் நின்றாள். அட்டையை வைத்தாள். உள்ளே நுழைந்து, இடக்கையை நீட்டாமல், குளியலறை மூலையில் குந்தி உட்கார்ந்தாள். நகத்தால் நாடாவின் நுனியைக் கிளப்பினாள். இரண்டு விரற்கடை உரிந்து வந்தது. எல்லோரும் அசையாமல் இருந்தோம். அவள் அதைத் திரும்பத் தரையில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். எழுந்து போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.

"ராட்டினம்" என்றாள், ஜன்னலைப் பார்த்து.

அக்கா வந்து அந்த மூலையருகே உட்கார்ந்தாள். நாடா முன்பு போல ஒட்டவில்லை. நுனி மட்டும் மேல்நோக்கிச் சுருண்டிருந்தது. மின்விசிறிக் காற்று வரும்போதெல்லாம் லேசாக ஆடியது. அக்கா அதை அழுத்தப் போனாள், பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

நாளை: பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன், குளியலறையின் ஒரே ஒரு நாடாவை உரித்து வலப்பக்கம் ஒட்ட வேண்டும். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது. மாலை ஐந்துக்குள் ஹோட்டலுக்கு போன் செய்து தோட்டப் பக்க அறையே இருக்கட்டும் என்று சொல்ல வேண்டும்; பேசும்போது அக்கா பக்கத்தில் இருக்க வேண்டும்.