அத்தானுக்குப் பிடித்த ரோலர்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில், அக்காவின் காரில் பின்சீட்டு காலியாக இருந்ததால் கிடைத்தது. நான் எழுதிக்கொண்டிருந்த நாவல் நகராமல் அடம்பிடித்தது. அக்காவும் அத்தானும் பழைய ரோலர் ஒன்று வாங்கக் கிளம்பினார்கள். நானும் ஏறிக்கொண்டேன்.

(ரோலர் என்றதும் சாலை போடும் வண்டியை நினைக்க வேண்டாம். இது டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் இரும்பு உருளை. விதைத்த நிலத்தின் மேல் உருண்டு, கட்டிகளை உடைத்து, விதையை மண்ணோடு அழுத்திவிட்டுப் போகும். இந்த அடைப்புக்குறி அக்காவின் வற்புறுத்தல்.)

2

முதல் வரியைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன்.

துருவின் வாசனை காற்றில்... வேண்டாம். துரு அப்படியொன்றும் மணக்கவில்லை.

அத்தான் பெரிய பிடிவாதக்காரர், அதனால்தான் அன்று... இதுவும் வேண்டாம். முதல் வரைவில் அவரை வில்லனாகவே ஆக்கியிருந்தேன். விஷயம் இதுதான்: முழங்கால் அறுவைக்குப் பிறகு அவரால் கிளட்சை மிதிக்க முடியவில்லை. அவர்களுடைய சின்ன டிராக்டரை அக்கா ஓட்ட ஆரம்பித்தாள், நன்றாகவே ஓட்டினாள். அவர் ஊன்றுகோலோடு ஓரமாக நின்று இப்படி, அப்படி என்று கை காட்டுவார். அவள் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. ரோலரையாவது தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அவருக்குள் ஒரு வைராக்கியம். அதற்குப் பெயர் வில்லத்தனம் இல்லை என்று எனக்கு உறைக்க இரண்டாவது வரைவு தேவைப்பட்டது.

3

பழைய இயந்திரங்கள் விற்பவரை எல்லோரும் 'பொறுமை' என்றுதான் கூப்பிடுகிறார்கள். வாங்க வந்தவரை அவசரப்படுத்தவே மாட்டார். அவரிடம் இரண்டு ரோலர்கள் இருந்தன. பெரியது, உள்ளே கான்கிரீட் நிரப்பி, புதிதாகப் பச்சை பெயின்ட் அடித்தது. சின்னது, உள்ளே வெற்று. தேவைப்பட்டால் தண்ணீர் ஊற்றி எடை ஏற்றிக்கொள்ளலாம். பக்கத் தகட்டில் ஒரு நசுங்கல்.

அத்தான் பெரியதைத் தட்டிப் பார்த்தார். தட்டிய விதத்திலேயே மனசு பறிபோனது தெரிந்தது. வேலை சீக்கிரம் முடியும் என்றார், ஆயுசுக்கும் தேயாது என்றார். நம் நிலம் சரிவு, வண்டியும் சின்னது என்று மட்டும் அக்கா சொன்னாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் வானத்தைப் பார்த்தேன்.

தன்னிடமும் அதே அளவு டிராக்டர் ஒன்று இருப்பதாகவும், மாட்டி ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றும் பொறுமைதான் வழி சொன்னார்.

4

(இதை வேகமாக எழுத வேண்டும். நடந்ததும் வேகமாகத்தான்.)

முதலில் பெரியதை மாட்டினார்கள். லாரியிலிருந்து இயந்திரங்களை இறக்கும் சரிவுப் பாதையில், முதல் கியரில், அக்கா டிராக்டரை மெல்ல இறக்கினாள். பாதி வழியில் ரோலர் டிராக்டரைத் தள்ளத் தொடங்கியது. பிரேக்கை மிதித்தாள். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய்ப் பின்பக்கம் கோணியது. அக்கா ஸ்டியரிங்கை ஒடித்து வண்டியை மணல் குவியலுக்குள் விட்டாள். நின்றது.

இந்த இடத்தில் அக்காவின் முகத்தை வர்ணிக்க... இல்லை. நான் பார்த்தது அத்தானை. ஊன்றுகோல் எங்கோ கிடந்தது. அவர் ஓடிக்கொண்டிருந்தார். அழகான ஓட்டமென்று சொல்ல முடியாது. ஒரு காலை இழுத்து, கைகளைக் கண்டபடி வீசிக்கொண்டு. ஆனாலும் என்னை முந்திவிட்டார்.

"ஒண்ணும் ஆகலையே?"

"ஆகல." அக்காவின் கைகள் இன்னும் ஸ்டியரிங்கை விடவில்லை. பிறகு அவர் காலைப் பார்த்தாள். "நீங்க ஓடியா வந்தீங்க?"

அத்தான் அப்போதுதான் குனிந்து, யாருடைய காலையோ பார்ப்பதுபோல் தன் காலைப் பார்த்தார். "அப்படித்தான் தெரியுது," என்றார். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பொறுமை மட்டும் பொறுமையிழந்து தன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

5

சின்னதைச் சோதித்தவர் அத்தான்தான். பெரியதைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, உருளையைக் கையால் சுற்றிவிட்டார். அக்கா காதை அருகில் வைத்துக் கேட்டாள். ஒரு பக்கத்து பேரிங் கரகரத்தது. தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில் மூடியோரம் கசிந்தது. பேரிங்கையும் மூடியையும் மாற்றித் தரப் பொறுமை ஒப்புக்கொண்டார். நசுங்கல் கிடக்கட்டும் என்றாள் அக்கா.

கதையை இங்கேதான் முடித்திருந்தேன். படித்துப் பார்த்த அத்தான், "நல்லாத்தான் இருக்கு. ஆனா ரோலர் இன்னும் மண்ணையே தொடலையே," என்றார். நியாயம்தானே?

6

ஆகவே, நிலம். மாட்டுத் தீவனப் புல் விதைத்தாகிவிட்டது. மண் நல்ல பதம். பிடித்தால் உருண்டையாகிறது, கையில் ஒட்டவில்லை. சரிவு முழுவதையும் அக்கா உருட்டி முடித்தாள். கீழே சமதளமாக ஒரு துண்டு மட்டும் பாக்கி. அத்தான் ஊன்றுகோல் இல்லாமல் நடந்து வண்டியருகே போனார்.

"இந்தத் துண்டை நான் ஓட்டட்டுமா?"

கிளட்ச் மிதிக்க டாக்டர் இன்னும் சம்மதிக்கவில்லை. அது அக்காவுக்குத் தெரியும். அவர் ஓடியதும் தெரியும்.

அவள் உடனே இறங்கி இடம் கொடுத்ததாக ஒரு முடிவு எழுதினேன், இனிப்பு தூக்கல். முடியவே முடியாது என்று கியரைப் போட்டதாக இன்னொன்று... அதை எழுதி முடிக்க எனக்கே மனசு வரவில்லை. உண்மையில் நடந்தது எனக்குத் தெரியும். சொல்லக் கூடாதென்று இருவரும் ஒரே குரலில் உத்தரவு போட்டுவிட்டார்கள்.

அதனால் அக்கா இன்னும் இருக்கையில்தான் இருக்கிறாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. அத்தான் மட்கார்டில் ஒரு கையை வைத்து அண்ணாந்து பார்க்கிறார். நீங்கள் சொல்லுங்கள். ரொம்ப யோசிக்க வேண்டாம். மேற்கே மேகம் திரள்கிறது, நனைந்த மண் ரோலரில் அப்பிக்கொண்டால் விதையும் கூடவே வந்துவிடும்.