கோப்பையோடு வந்தவன்

பாலக்கரையில் குடை ரிப்பேர் செய்கிறவனுக்கு ஐப்பசி, கார்த்திகைதான் வாழ்வு. மார்கழி பிறந்துவிட்டால் கடையில் ஈ ஓட்டலாம். ஈ ஓட்டுவதற்குப் பதில் கலீல் தானே ஓடினான். அவனை இந்தப் பைத்தியத்தில் இழுத்துவிட்டவன் அடுத்த சந்து தாஜுதீன். விடியற்காலைச் சுபுஹு தொழுகை முடிந்ததும் இருவரும் காவிரி மணலில் இறங்கி ஓடுவார்கள். துரத்த ஆளில்லாமலே ஓடும் இந்த இரண்டு பேரையும் பார்த்துத் தெருவே சிரித்தது.

உண்மையில் ஓட்டக்காரன் தாஜுதீன்தான். போன வருஷத்து மார்கழி ஓட்டப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தவன், அந்த வாரமே ரத்தமாக இருமினான். டி.பி. என்றார்கள். அதன்பிறகு அவன் ஓடியதெல்லாம் கட்டிலில் படுத்தபடி, கலீலின் கால்களைக் கொண்டுதான்.

"இந்தத் தடவை கோப்பை இந்த வீட்டுக்கு வரணும்டா. நான் அதைக் கையில வாங்கிப் பார்க்கணும். வேற எதுவும் எனக்கு வேணாம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பான்.

பந்தயத்துக்கு முந்தின சாயங்காலம் கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் பாடம் நடத்தினான். "வழியில எவன் மூஞ்சியையும் பார்க்காதே. கை தட்டுறவனைப் பார்த்தா மிதப்பு வந்துரும். ரோட்டை மட்டும் பாரு. புரியுதா?"

கலீலுக்கு நிம்மதியாக இருந்தது. இப்படி அதட்டுகிறவனுக்கு என்ன வந்துவிடப் போகிறது?

விடிவதற்கு முன்பே முதல் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனான். மொட்டைக் கோபுரத்தடியில் பனியனோடு நின்றவர்களுக்குப் பல் கிட்டியது. கொடியசைக்க வந்த பிரமுகரோ கம்பளிச் சால்வைக்குள் இருந்துகொண்டு தேச நலன், தேக நலன், தம்முடைய சர்க்கரை வியாதி என்று ஒன்றையும் விடாமல் பேசினார். அவர் ஓய்ந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. ஒருவழியாக ஓட்டம் தொடங்கியது.

காவிரிப் பாலத்தில் கலீல் கூட்டத்தின் நடுவில் இருந்தான். மெயின்கார்டு கேட் வந்தபோது முன்னால் யாருமில்லை. பின்னால் மட்டும் போலீஸ்காரர் பிச்சமுத்துவின் கான்வாஸ் ஷூ விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் தொலைந்தோம் என்று கலீல் ஓடினான்.

பாலக்கரை வளைவில் சாலையோரம் ஒரு ஜனாஸா ஊர்வலம் நின்றிருந்தது. பச்சைத் துணி போர்த்திய சந்தூக்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள்.

யாருடைய மையத்தாக இருந்தாலும், எதிரே கண்டவன் போகிற வேலையை விட்டுவிட்டு நாலடி தோள் கொடுத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். சோறு கொண்டுபோகிறவன்கூடத் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வருவான். கலீலும் கடையைத் திறந்துபோட்டுவிட்டு எத்தனையோ பேருக்குத் தோள் கொடுத்திருக்கிறான். கால் ஒரு கணம் தயங்கியது. ஆனால் அவர்கள் நகராமல் நின்றதால், ஓடுகிறவர்களுக்கு வழிவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். பாவம், எந்த வீட்டுப் பெரியவரோ! "இன்னா லில்லாஹி" என்று வாய்க்குள் முணுமுணுத்தான். கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை. "கலீலு! கலீலு!" என்று யாரோ கூப்பிட்டார்கள். நம்ம தெருக்காரர்கள் உற்சாகப்படுத்துகிறார்கள் என்று இன்னும் வேகமெடுத்தான்.

ஜங்ஷன் பக்கத்து மைதானத்தில் முதலாவதாக வந்து விழுந்தான். போட்டோவுக்கு நிற்கச் சொன்னார்கள், நிற்கவில்லை. கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜட்கா பிடித்துத் தாஜுதீன் வீட்டுக்குப் பறந்தான்.

வாசல் நிறையச் செருப்புகள். உள்ளே சாம்பிராணிப் புகை. தாஜுதீனின் அம்மா சாரா பீவி அவனைக் கண்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சுபுஹு பாங்கு சொல்றப்ப மவுத்தாயிட்டாம்பா. நீ அதுக்குள்ள பஸ் ஏறிட்டே. ஓட்டத்தைக் கெடுக்க வேணாம், புள்ள ஆசைப்பட்டதாச்சேன்னு உங்க மாமு ஆள் அனுப்பல. எப்படியும் அந்த ரோட்டுலதானே வருவான், வந்து தோள் கொடுப்பான்னு சந்தூக்கை அங்கேயே நிறுத்தி வைக்கச் சொன்னாங்க. கொடுத்தியாப்பா?"

கலீல் திரும்பிக் கபர்ஸ்தானுக்கு ஓடினான். காலையில் ஓடியதெல்லாம் ஓட்டமே இல்லை. கோப்பையை வழியில் எங்கே போட்டான் என்று அவனுக்கே தெரியாது.

அங்கே மண் மூடி முடிந்திருந்தது. ஆட்கள் கலைந்து போய்விட்டார்கள். தாஜுதீனின் அத்தா அப்துல் சலாம் மட்டும் கபரின் அருகே குந்தியிருந்தார்.

"மாமு, நான் பார்க்கல மாமு! யாருன்னு நிமிர்ந்துகூடப் பார்க்கல!"

"தெரியும்பா" என்றார் அவர். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் கலீலால் தாங்கியிருக்க முடியும்.

"முன்னால வலது பக்கம் நான்தான் புடிச்சிருந்தேன், நீ வந்ததும் உங்கிட்ட மாத்திக்கலாம்னு. நீ தாண்டிப் போனப்புறம் எனக்குக் கால் நிக்கல. முசிறி பஸ்ஸுக்குப் போய்க்கிட்டிருந்த ஒரு ஆளு, பையைக் கீழே போட்டுட்டு வந்து வாங்கிக்கிட்டாரு. நாலடியில விடல, இங்க வரைக்கும் தூக்கிட்டு வந்தாரு. ஒரு கை மண்ணும் போட்டாரு. புள்ள பேரைக்கூடக் கேட்கல."

கலீல் ஈர மண்ணில் உட்கார்ந்தான். உலகத்தில் யாரைப் பார்த்தும் அவன் பொறாமைப்பட்டதில்லை. பஸ்ஸைத் தவறவிட்ட அந்த முசிறிக்காரர்மேல் இப்போது வயிறு எரிய எரியப் பொறாமைப்பட்டான். மேட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு, பிள்ளையைப்போல் வாய்விட்டு அழுதான்.