ஞாயிற்றுக்கிழமை வந்த தபால்காரர்

ஆறு நாளும் நடந்துவிட்டு ஏழாம் நாள் கோயில் பூசைக்குத் தவிரக் கட்டிலைவிட்டு இறங்காத மனிதர் சூசை. திண்டுக்கல்லிலிருந்து வடமதுரைக்குப் போகும் சாலையின் இருபுறமும் சிதறிக் கிடந்த பட்டிகளுக்கும் தோட்டங்களுக்கும் அவர்தான் தபால்காரர். மாலையில் வீடு திரும்பினால் சோறு. சோறு முடிந்தால் உறக்கம். இடையில் பேச்சு என்று ஒன்று இருந்த காலம், மகள் திருச்சிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனதோடு முடிந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை மாலை, மனைவி அல்போன்சா தகரப் பெட்டியை எடுத்து நடுவீட்டில் வைத்தாள்.

“திங்கக்கிழமை மக வீட்டுக்குப் போறேன்.”

“எம்புட்டு நாளைக்கு?”

“திரும்பி வாரதுக்கு ஒரு காரணம் சொல்லுங்க. வாரேன்.”

சூசையின் கை சோற்றிலேயே நின்றது. மணமான புதிதில் கோடைக்கானலுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தார். அதை அவள் நினைவூட்டுவதைக்கூட எப்போதோ நிறுத்திவிட்டாள் என்பது இப்போதுதான் உறைத்தது.

“நாளைக்குப் பூசை முடிஞ்சதும் எங்கயாச்சும் நடந்துட்டு வருவமா?”

“நீங்களா? நடக்கவா?” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “செக்கு மாட்டுக்கு ஒருநாள் லீவு விட்டாகளாம். அதுவும் சந்தோசமாக் கிளம்பிப்போய், செக்கைச் சுத்திட்டு வந்துச்சாம்.”

“மாடுன்னே வச்சுக்க. வாரியா, இல்லையா?”

மறுநாள் புளிச்சோற்றுப் பொட்டலத்தோடும் ஒரு செம்புத் தண்ணீரோடும் இருவரும் கிளம்பினார்கள். காக்கி இல்லை, பை இல்லை, வெள்ளை வேட்டி. ஆனால் ஊர் எல்லை தாண்டியதும் சூசையின் கால்கள் அவரைக் கேளாமலேயே தினசரி வழியைப் பிடித்தன. அவர் அதைக் கவனிக்கவில்லை. அல்போன்சா கவனித்தாள்.

முதல் பட்டியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த மலைச்சாமி எழுந்து நின்றார். “யாருக்கு?” என்று மெல்லக் கேட்டார். சூசைக்கு விளங்கவில்லை. தலையசைத்துவிட்டு நடந்தார். அடுத்த வீட்டில் முறத்தைக் கீழே வைத்தார்கள். அதற்கடுத்த வீட்டில் குழந்தையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தபால் கிடையாது, தந்தி உண்டு. தந்தி என்றாலே சாவுச் செய்தி. அதுவோ, வடக்கே எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்த ஆண்டு.

தோட்டத்துக் கிணற்றடியில் அய்யம்மாள் நின்றாள். அவள் மகன் உடையப்பன் பட்டாளத்தில் இருந்தான். வரப்பில் சூசையைக் கண்டதும் அவள் குடத்தைப் போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்து மார்பில் அறைந்துகொண்டாள்.

“தந்தி இல்லத்தா!” சூசை ஓடினார். “ஒண்ணும் இல்ல! சும்மா வந்தேன்!”

“சும்மா வர்ற ஆளா நீ? கையைக் காட்டு.”

அவர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். சோற்றுப் பொட்டலத்தையும் அவிழ்த்துக் காட்ட வேண்டியிருந்தது.

“இது யாரு?”

“எம் பொஞ்சாதி.”

“நான் விழுந்தா புடிச்சுக்கிறதுக்கு ஆளையும் கையோட கூட்டியாந்துட்டன்னு நெனச்சேன்,” என்றாள் அய்யம்மாள். அதன் பிறகுதான் அழுதாள்.

அல்போன்சா அருகில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தாள். மூச்சு நிதானப்பட்டதும் அய்யம்மாளுக்குக் கோபம் வந்தது. “உலாத்தணும்னா எங்க வாசல் வழியாவாய்யா உலாத்துவ? அந்தக் கரட்டுப் பக்கம் போ அப்பு. அங்கன வீடும் இல்ல, உன்னையப் பாத்து அழுகுறதுக்கு ஆளும் இல்ல.”

கரடு என்பது வயல்களுக்கு நடுவே தனித்து நின்ற ஒரு பாறைக்குன்று. நாள்தோறும் அதை ஒட்டித்தான் சூசை நடந்தார். ஆனால் அதற்குத் தபால் வருவதில்லையாதலால் ஒருநாளும் ஏறியதில்லை. சோளத்தட்டைகளை மிதித்துக் கடந்து பாதிதூரம் ஏறினார்கள். பாறைப் பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. அதன் கரையில் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

“இம்புட்டு வருசமும் என்னையப் பாத்துப் பயந்துக்கிட்டுத்தான் இருந்திருக்காக,” என்றார் சூசை.

“கடுதாசி வந்தப்ப சிரிச்சிருப்பாகள்ல?”

“நான் நின்னு பாத்ததில்லை.”

சாப்பாடு முடிந்ததும், “செத்த நேரம்,” என்று நிழலில் சாய்ந்தார். உறங்கிவிட்டார்.

வீட்டில் பார்க்கும் அதே முதுகு. அல்போன்சா தகரப் பெட்டியை நினைத்துக்கொண்டாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தனியாக மேலே ஏறினாள். முள் கீறியது, ஓரிடத்தில் கால் வழுக்கி முழங்கை சிராய்த்தது. உச்சியில் காற்று முந்தானையைப் பிடுங்கியது. தன்னைத் தவிர யாருமில்லாத ஓர் இடத்தில் நிற்பது அவளுக்கு அதுவே முதல் முறை.

இறங்கி வந்தபோது சூசை விழித்து, வெளிறிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“எங்க போன?”

“மேல.”

அவர் பார்வை அவளுடைய வெறுங்கைகளுக்குப் போய், முகத்துக்குத் திரும்பியது. “என்ன இருக்கு மேல?”

அவள் சொன்னாள். திண்டுக்கல் மலைக்கோட்டை ஒரு கைப்பிடிக்குள் அடங்குவதை, சாலையில் பஸ் எறும்பாக ஊர்வதை, அய்யம்மாள் மறுபடி குடத்தைத் தூக்கிக்கொண்டு போவதை. மேற்கே வெகுதூரத்தில் நீலக் கோடாகக் கோடைக்கானல் மலை.

“கோடைக்கானலா? இங்கேருந்தா?”

“மேகம் படுத்திருக்கு அது மேல. நான் பாத்தேன்.”

இடையில் ஒருமுறைகூட அவர் கொட்டாவி விடவில்லை. உச்சியை அண்ணாந்து பார்த்துவிட்டு முழங்காலைத் தேய்த்தார். “இன்னைக்கு ஏலாது அல்போன்சா. கால் வராது.”

“அடுத்த ஞாயிறு ஏறுவம்,” என்றாள். செம்பைக் கவிழ்த்து உதறினாள். “அந்தம்மா வீட்டு வழி வேணாம். சுத்திப் போவம்.”

சுற்றுவழி நீளமாக இருந்தது. சூசை நொண்டினார். அந்த வழியில் தபால் கொடுக்க அவருக்குக் கதவுகள் இல்லை, வழியும் தெரியாது. உச்சியிலிருந்து அதைப் பார்த்து வைத்திருந்த அல்போன்சா முன்னால் நடந்தாள்.