கிளைவ் பெட்டிஃபருக்கு நன்றி

லினெட் ஓல்ராய்டு ஒரு விஷயத்தை எதிர்த்துப் பாட்டு எழுதினால் அந்த விஷயம் நடந்தே தீரும். ஹாதர்ஸ்லி ஊரில் இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. சுரங்கத்தை மூடாதே என்று பாடினாள், மூடினார்கள். போருக்குப் போகாதே என்று லண்டன் தெருவில் மழையில் நனைந்து பாடினாள், போனார்கள். ரயில் கட்டணத்தை எதிர்த்துப் பாடியபோது அந்த ரயிலையே நிறுத்திவிட்டார்கள். இத்தனைக்கும் அவள் லேசுப்பட்ட ஆள் இல்லை. கிடாரும் கையுமாக நாற்பது வருஷம் நாடு முழுக்கச் சுற்றியவள், இரண்டு புத்தகம் எழுதியவள். "ஒரு நல்ல பாட்டு ஒரு மனுஷனோட மனசை மாத்தும்" என்று சொல்லிவிட்டுத்தான் எந்த மேடையிலும் முதல் பாட்டைத் தொடங்குவாள்.

"எங்க வீட்டுக் கூரை ஒழுகுது. அதை ரிப்பேர் பண்ணக் கூடாதுன்னு ஒரு பாட்டு எழுதேன், உனக்குப் புண்ணியமாப் போகும்" என்பான் வில்ஃப். வியாழக்கிழமை சாயங்காலங்களில் பப்பின் மாடியறையில் பாட்டு மன்றம் நடத்துகிறவன் அவன். சின்னத் துருத்திப் பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அவளுக்குப் பக்கவாத்தியமும் வாசிப்பான். அவளை இப்படிச் சீண்ட அவனுக்கு மட்டும்தான் தைரியம் உண்டு.

இந்தத் தடவை ஆபத்து ஊர் நீச்சல் குளத்துக்கு வந்தது. கவுன்சில் தலைவர் கிளைவ் பெட்டிஃபர் அதை மூடிவிட்டு இடத்தை ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்கு விற்கப்போகிறார். மார்ச்சில் ஓட்டெடுப்பு. லினெட் தினமும் நீந்துகிற குளம் அது. இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு தரையில் நடக்க அவளுக்குக் கைத்தடி வேண்டும், தண்ணீரில் வேண்டாம். காலையில் குளத்தில் கிடக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளுக்கு வலியில்லாத நேரம். அதையும் பிடுங்கிக்கொண்டால் எங்கே போவாள்?

உட்கார்ந்தாள், எழுதினாள்.

*தக்கையைப் பிடுங்கினான் கிளைவு – அவன்*
*சட்டையும் போச்சுது தண்ணியோட!*

கிளைவின் மூக்குக்கு ஒரு சரணம், அவருடைய காருக்கு ஒன்று, அவர் சூப்பர் மார்க்கெட்காரனோடு ஆடும் கோல்ஃபுக்கு ஒன்று. அந்த ஊர்க்காரர்களுக்குப் பல்லவி காதில் விழுந்துவிட்டால் போதும், சேர்ந்து பாடாமல் இருக்க முடியாது. முதல் வியாழனே மாடியறை அதிர்ந்தது. அடுத்த வியாழன் கிளைவே வந்துவிட்டார்.

வந்தவர் முன் வரிசையில் உட்கார்ந்தார். பல்லவி வந்ததும் வாயைத் திறந்து கட்டைக் குரலில் சேர்ந்து பாடினார். பாவி மனுஷனுக்கு நல்ல குரல் வேறு! முடிந்ததும் எழுந்து வந்து லினெட்டின் கையைக் குலுக்கினார்.

"பிரமாதம் கண்ணு! அந்த மூக்குச் சரணத்தை இன்னொரு தடவை பாட முடியுமா? என் மனைவிக்குப் போன்ல பிடிச்சு அனுப்பணும்."

அவ்வளவுதான், போயிற்று. கேலியைச் சிரித்து வாங்கிக்கொள்கிறவன் நல்லவன் என்பது அந்த மண்ணில் வேதவாக்கு. "என்ன இருந்தாலும் கிளைவ் தங்கமான ஆளுப்பா, எப்படித் தாங்கிக்கறார் பாரு" என்று கசாப்புக்கடையில் பேச்சு. லினெட் இன்னும் காரமாக இரண்டு சரணம் சேர்த்தாள். கிளைவ் அவற்றைச் சட்டம் போட்டுத் தன் அலுவலக அறையில் மாட்டினார்.

"அடுத்தது அவருக்குச் சிலை வைக்கச் சொல்லிப் பாடிடலாமா?" என்றான் வில்ஃப்.

"வாயை மூடுய்யா."

ஆனால் அதற்கடுத்த வியாழன் லினெட் ஒன்றைப் பார்த்தாள். இடைவேளையில் டோரீன் என்ற வயதான பெண்மணி கிளைவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் தெருவிளக்கைச் சரிசெய்து கொடுத்ததற்கு, எல்லார் முன்னாலும், கண்ணில் தண்ணீரோடு நன்றி சொன்னாள். கிளைவின் முகம் பீட்ரூட்டாகிவிட்டது. "அது... நான் இல்லைங்க... ஆபீஸ்ல யாரோ... மழை வர்ற மாதிரி இருக்குல்ல?" என்று உளறினார். பாதி பியரை மேசையிலேயே விட்டுவிட்டு ஓடியேபோனார்.

அந்த ஊரில் பிறந்து வளர்ந்தும் இது தனக்கு எப்படி உறைக்காமல் போயிற்று என்று லினெட்டுக்கு ஆச்சரியமாக இருந்தது. திட்டினால் கூடச் சேர்ந்து சிரிப்பார்கள். முகத்துக்கு நேரே மனசாரப் புகழ்ந்தால்? செத்தார்கள்!

மறுநாள் தேவாலயப் பாட்டின் சாயலில் மெதுவான மெட்டு ஒன்று போட்டாள். கேலி ஒரு பொட்டுக்கூட இல்லை. குளத்தை விற்காமல் காப்பாற்றிய கிளைவுக்கு நன்றி, தண்ணீரைச் சூடாக வைத்திருக்கும் கிளைவுக்கு நன்றி, நீந்தக் கற்ற குழந்தைகள் சார்பில் நன்றி.

"அந்தாளு இன்னும் எதையும் காப்பாத்தலையே?" என்றான் வில்ஃப்.

"அதனால என்ன? நாம முந்திக்கிட்டோம்."

வியாழன் வந்தது, கிளைவும் வழக்கம்போல முன் வரிசைக்கு வந்தார். லினெட் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். முதல் பல்லவிக்கே கூட்டத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் ஒரு முகத்திலாவது சிரிப்பு தெரியவேண்டுமே! அத்தனை பேரும் பிரார்த்தனைக்கு வந்தவர்கள்போல, "கிளைவே, உனக்கு நன்றி" என்று நாலு குரலாகப் பிரிந்து ஒன்றோடொன்று இழைத்துப் பாடினார்கள். டோரீன் நிஜமாகவே அழுதாள். முடிந்ததும் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் வந்து அவர் கையைக் குலுக்கினார்கள்.

"இல்லைங்க, ஓட்டெடுப்பு இன்னும் நடக்கவே..." என்று இழுத்தார் கிளைவ்.

"அடக்கத்தைப் பாருங்கப்பா!" என்றாள் லினெட், குரல் தழுதழுக்க. தழுதழுப்பும் நடிப்புதான்.

ஞாயிறு தேவாலயத்தில் பாதிரியார் பெயர் சொல்லி நன்றி சொன்னார். பள்ளிக் குழந்தைகள் கிளைவின் படம் வரைந்து வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஒருவர் அவரைக் கட்டிப்பிடித்தார். அந்த ஊரில் கட்டிப்பிடிப்பதாவது! புதன்கிழமை கிளைவ் லினெட்டின் வீட்டுக் கதவைத் தட்டினார். தூங்கிப் பல நாள் ஆனதுபோல முகம்.

"லினெட், உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். அந்தப் பழைய பாட்டையே பாடுங்க. மூக்கு, கோல்ஃப், எல்லாத்தையும் பாடுங்க. இன்னும் மோசமா வேணும்னாலும் எழுதுங்க."

"மறந்துபோச்சே கிளைவ். டீ குடிக்கறீங்களா?"

"ரொட்டிக் கடையில ஒரு அம்மா காசு வாங்க மாட்டேங்கறாங்க. என் அம்மா போன் பண்ணி, என்னைப் பெத்ததுக்குப் பெருமையா இருக்குன்னு சொல்றாங்க. இந்த வயசு வரைக்கும் அவங்க அப்படிச் சொன்னதே இல்ல. நான் என்ன பதில் சொல்றது?"

"நன்றின்னு சொல்லுங்க."

அவர் கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

மார்ச்சில் ஓட்டெடுப்பு. கவுன்சில் கூட்டத்தில், விற்கக் கூடாது என்பவர்கள் கை தூக்கலாம் என்றதும் முதலில் உயர்ந்தது கிளைவின் கை. தலையை நிமிர்த்தாமலே தூக்கினார். பார்வையாளர் வரிசையில் லினெட் கைத்தடியைக் கீழே போட்டுவிட்டு வில்ஃபைக் கட்டிக்கொண்டு அழுதாள். நாற்பது வருஷத்தில் முதல் வெற்றி! கூரை ஒழுகுவதைப் பற்றி இனி ஒரு வார்த்தை பேசினால் உன் துருத்தியைக் கிழித்துவிடுவேன் என்று அவன் காதில் சொன்னாள்.

மே மாதம் தேர்தல் வந்தது. கிளைவ் மறுபடியும் நின்றார். எதிரே லினெட்டின் கட்சி வேட்பாளர். ஓட்டுரிமை வந்த நாளிலிருந்து அந்தக் கட்சியைத் தவிர வேறெதற்கும் அவள் போட்டதில்லை. அவள் அப்பா போட்டதில்லை, தாத்தாவும் போட்டதில்லை. தேவாலய மண்டபத்தில் ஓட்டுப் போடும் மறைவுக்குள் நின்று, கயிற்றில் கட்டியிருந்த பென்சிலைக் கையில் எடுத்தாள். காலையில் நீந்தியதில் தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. தண்ணீர் நல்ல சூடு. அவர் சொன்னபடி, இல்லை, தான் சொன்னபடி அந்த மனுஷன் செய்துவிட்டார். வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டியும் உதடு அந்தப் பல்லவியை முணுமுணுத்தது. சனியன், நல்ல மெட்டாகப் போட்டுத் தொலைத்திருந்தாள்.

வெளியே வந்தபோது காதுமடல் வரை சிவந்திருந்தது. ஏற்கெனவே ஓட்டுப் போட்டுவிட்டு வாசலில் காத்திருந்த வில்ஃப் அவள் முகத்தைப் பார்த்தான்.

"யாருக்கும்மா போட்ட?"

"ரகசிய ஓட்டுய்யா. நடப்பா, பேசாம."

பாலம் வரை இருவரும் நடந்தார்கள். பாலத்தின் நடுவில் வில்ஃப் நின்றான். முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டான்.

"லினெட், யார்கிட்டயும் சொல்லிடாத. எங்கப்பா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்துடுவாரு. நானும் கிளைவுக்குத்தான் போட்டேன்."