நின்றே கற்றவள்

"அண்ணா, பத்து நிமிஷம் எழுந்திரேன். இன்னைக்கு வேலைக்கு மொத நாள். ஒரு தடவை செஞ்சு பாத்துட்டுப் போயிடறேன்."

அண்ணன் திரும்பவில்லை. கம்ப்யூட்டர் திரையில் கார்கள் பறந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்றை ஓட்டுவதைத் தவிர, சில மாதங்களாக அவனுக்கு வேறு வேலை இல்லை. அடுப்படியிலிருந்து அம்மாதான் பதில் சொன்னாள். அந்த வீட்டில் அவனைக் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லும் உத்தியோகம் அம்மாவுடையது.

"அவனை ஏன்டி காலங்காத்தால எழுப்பற? அவனே வேலை கிடைக்கலையேன்னு நொந்துபோய் உக்காந்திருக்கான். நீ பின்னால நின்னு பாரு. பாத்தாலே வந்துரும். எல்லாம் அப்படித்தானே கத்துக்கிட்ட?"

அதென்னவோ உண்மைதான். அந்த வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது கூடவே ஒரு நாற்காலியும் வந்தது. அதில் அண்ணன் உட்கார்ந்தான். தங்கை அவனுடைய வலது தோளுக்குப் பின்னால் நின்றாள். அவன் தண்ணீர் குடிக்க எழுந்தால், எட்டி நாலு பட்டனைத் தட்டிவிட்டு மறுபடி பின்னால் போய்விடுவாள். மௌஸை மட்டும் தொடமாட்டாள். அது அசைந்திருந்தால் அவன் கண்டுபிடித்து வீட்டை ரெண்டு பண்ணிவிடுவான். கல்லூரியிலும் நாலு பேருக்கு ஒரு மெஷின். பையன்கள் உட்கார்ந்தார்கள், அவள் நின்றபடி நோட்டு எழுதினாள். அப்படியும் முதல் மார்க் வாங்கினாள். வேலைக்கு ஆள் எடுத்தபோது கேட்டதற்கெல்லாம் பட்பட்டென்று பதில் சொன்னாள். உட்கார்ந்து செய்து காட்டு என்று யாருமே சொல்லவில்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகச் சொல்லி, பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் லேபை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள்.

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

லேபில் மணி அடித்ததும் எட்டாம் வகுப்பு உள்ளே பாய்ந்தது. பையன்கள் நாற்காலிகளைப் பிடித்தார்கள். பெண் பிள்ளைகள் ஆளுக்கொரு நாற்காலியின் பின்னால் போய் நின்றார்கள். சண்டையில்லை, சத்தமில்லை. பிள்ளைகள் எவ்வளவு ஒழுங்காக இருக்கிறார்கள் என்று புது டீச்சருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் கண்ணுக்கு அதுதான் ஒழுங்கு.

மூலையில் இருந்த மெஷினில் மட்டும் ஒரு சுருட்டைமுடிக்காரி உட்கார்ந்திருந்தாள். அங்கே வரவேண்டிய பையன் அன்று லேட். மூச்சிரைக்க வந்தவன் நாற்காலியின் பக்கத்தில் நின்றுகொண்டு டீச்சரைப் பார்த்தான்.

"நீ எழுந்திரும்மா, தம்பி உக்காரட்டும்," என்றாள் டீச்சர். "பின்னால நின்னு பாரு. பாத்தாலே வந்துரும்."

சுருட்டைமுடிக்காரி உடனே எழுந்து, பையனின் வலது தோளுக்குப் பின்னால் போய் நின்றாள். அவன் தப்பாகத் தட்டும்போதெல்லாம் நாற்காலி முதுகின் மேல் அவள் விரல்கள் சரியான இடத்தைத் தட்டின. டீச்சர் அந்த விரல்களைப் பார்த்தாள். அண்ணனின் முதுகுக்குப் பின்னால் துடித்துக்கொண்டிருந்த தன் விரல்களேதான் அவை. சற்றுமுன் தன் வாயிலிருந்து வந்தது யாருடைய பேச்சு என்று அப்போதுதான் உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. காலையில் தான் கேட்டு வயிறெரிந்த பேச்சை, நண்பகலுக்குள் இன்னொருத்தி தலையில் இறக்கி வைத்துவிட்டாளே!

வாயைத் திறப்பதற்குள் தலைமை ஆசிரியை உள்ளே வந்துவிட்டார்.

"எங்க டீச்சர், ஒரு படத்தை வரைஞ்சு எப்படி நகர்த்தறதுன்னு செஞ்சு காட்டுங்க, பாப்போம். உக்காந்தே காட்டுங்க."

டீச்சரின் மெஷினில் நடப்பதெல்லாம் சுவரில் பெரிதாகத் தெரியும். உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் எல்லாமே இடம் மாறிப்போனது போலிருந்தது. மௌஸைப் பிடித்தாள். சுவரில் அம்புக்குறி வழி தெரியாமல் அலைந்தது. கட்டம் போடப் போய்க் கோணல்மாணலாக ஒரு கிறுக்கல் விழுந்தது. முதலில் ஒரு பையன் சிரித்தான். அப்புறம் வகுப்பே சிரித்தது. சுருட்டைமுடிக்காரி மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் டீச்சரை இன்னும் கூனிக் குறுக வைத்தது.

"வீட்ல கம்ப்யூட்டர் இல்லையா?" தலைமை ஆசிரியையின் குரல் தாழ்ந்திருந்தது.

"இருக்கு மேடம். அண்ணன் உக்காருவான். நான் பின்னால நிப்பேன்."

சொல்லிவிட்டுத் தலைகுனிந்துகொண்டாள். காது சுட்டது. தலைமை ஆசிரியை சுவரில் இருந்த கிறுக்கலைக் கை காட்டினார்.

"இங்க உங்களுக்காக யாரும் உக்கார மாட்டாங்க. திங்கக்கிழமை மறுபடி வருவேன். அன்னைக்கும் இப்படின்னா நான் வேற ஆள் பாக்க வேண்டியிருக்கும்."

அவர் போனதும் டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நேராக மூலைக்குப் போனாள்.

"தம்பி, எழுந்திரு. மீதி நேரம் அவ உக்காரட்டும். எல்லா மெஷின்லயும் இனிமே இப்படித்தான். பாதி நேரம் பசங்க, பாதி நேரம் பொண்ணுங்க."

"நாங்கதானே டீச்சர் எப்பவும் உக்காருவோம்?" பையன் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டான்.

"வேணாம் டீச்சர்," என்றாள் சுருட்டைமுடிக்காரி. "நான் நின்னுக்கறேன். எனக்குப் பழக்கம்தான்."

"எனக்கும் பழக்கம்தான். அதனாலதான் இப்ப எல்லாரும் சிரிச்சீங்க. நான் உன்னை எழுப்பினது தப்பும்மா. உக்காரு."

அந்தப் பெண் நாற்காலியின் நுனியில், யாரோ வந்து எழுப்பிவிடப் போகிறார்கள் என்பது போல உட்கார்ந்தாள்.

சாயங்காலம் வீட்டில் அதே கார்கள் பறந்துகொண்டிருந்தன. அவள் பையை வைத்துவிட்டு நாற்காலிக்குப் பின்னால் போகாமல், பக்கத்தில் போய் நின்றாள்.

"எழுந்திருண்ணா."

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா?" என்றாள் அம்மா. "பின்னால நின்னு..."

"பாத்தா வராதும்மா. இன்னைக்கு வகுப்பு முன்னால வரலை. மானம் போச்சு. அதைவிடப் பெரிய கேவலம், உன் பேச்சையே இன்னொரு வீட்டுப் பொண்ணுகிட்ட நானே பேசிட்டு வந்திருக்கேன்."

அண்ணன் அம்மாவைப் பார்த்தான். அவள் வாயிலிருந்து ஒன்றும் வராதது கண்டு, முணுமுணுத்துக்கொண்டே எழுந்தான்.

அவள் உட்கார்ந்தாள். நாற்காலி அவனுடைய நெட்டைக் கால்களுக்கு ஏற்ப உயர்ந்திருந்தது. அவள் பாதம் தரையில் படவில்லை. இத்தனை வருஷமாகப் பின்னால் நின்றும் அது அவளுக்குத் தெரியாது. அடியில் கையை விட்டுத் துழாவி, பிடியைக் கண்டுபிடித்து, நாற்காலியைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள்.